ஐந்து ஐம்பத்திரண்டு

பட்டறையில் உட்கார ஒரு பழைய டயர்தான் இருந்தது. அதன்மேல் உட்கார்ந்ததும் என் இடுப்பு அப்பாடா என்றது. சனிக்கிழமை மதியம். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நான்கு மணிவரை வீட்டில் இருப்பாள். அதற்குள் கார் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று கணவர் என்னையும் இழுத்து வந்திருந்தார். பதினான்கு வருஷத்தில் கார் பற்றி என் கருத்தை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்காமலும் முடியாது, வார நாட்களில் அதை ஓட்டுவது நான்.

திங்கள் முதல் வெள்ளி வரை அது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. ஆறேகாலுக்கு ரத்தம் எடுக்கும் கூடத்தில் நான் கையுறை மாட்டியிருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அது இவரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறது. அங்கே மற்றவர்கள் பந்தயக் காரைத் தனியாக லாரியில் ஏற்றி வருவார்களாம். இவர் டிக்கியிலிருந்து தன் அப்பாவின் சக்கர நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு, அதே காரில் ஹெல்மெட்டோடு கிளம்புவார். நீண்ட நேர்ப்பாதையில் இன்ஜின் திணறுகிறது என்பதுதான் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் சின்னவை, உச்ச வேகத்தில் போதவில்லை. பெரியதாக மாற்றினால் டிராக்கில் பறக்கும். ஆனால் காலைக் குளிரில் இருமும், சிக்னலில் நின்றால் குலுங்கும்.

மெக்கானிக்கை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். நீள ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். இன்று அவன் மடியில் லேப்டாப் இருந்தது. டிராக்கில் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று பதிவு செய்ய, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் செருகச் சொல்லியிருந்தானாம். இவர் செருகினார், கழற்ற மறந்துவிட்டார். மூன்று வாரமாக என் முழங்காலுக்குப் பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கை நான் திருட்டு அலாரம் என்று நினைத்திருந்தேன்.

“சார், ஞாயித்துக்கிழமை டிராக்ல இன்ஜெக்டர் தொண்ணூத்தாறு சதவீதம் திறந்திருக்கு, முழு மிதி. சரி, ஒத்துக்கறேன்,” என்றான் காது. “ஆனா திங்கக்கிழமை காலைல அஞ்சு அம்பத்திரண்டுக்குத் தொண்ணூத்தொம்போது. செவ்வாய், அஞ்சு அம்பத்திமூணு, தொண்ணூத்தொம்போது. புதன்...”

வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். திரையில் மூன்று வாரம் வரிசையாக நின்றது. இவருடைய ஞாயிறு ஒரு மேடு. என் காலைகள் சீப்புப் பல் மாதிரி, ஒன்று விடாமல்.

“சென்சார் போயிருக்கும்பா,” என்று கணவர் சிரித்தார். “அந்த நேரத்துல வண்டி இவ கையில. இவ நாலாவது கியர் போடவே நல்ல நாள் பாப்பா.”

காது சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் வலது செருப்பைப் பார்த்தான். “இருக்கலாம் சார்,” என்றான்.

“அப்ப சென்சாரையும் மாத்திடு. பெரிய இன்ஜெக்டரே போட்டுடலாம். இவளுக்கு ஆஸ்பத்திரி வேன் இருக்கு, அஞ்சேகாலுக்குத் தெருமுனையில வந்து நிக்குது. என்னம்மா?”

கருத்துக் கேட்பது இப்படித்தான்.

நாலரைக்கு எழுந்து மாமனாரைப் புரட்டி, துடைத்து, விரிப்பு மாற்றி, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பேன். பெற்ற அப்பாதான், ஆனாலும் இவருக்குக் குமட்டும். நான் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து டாட்டா காட்டும். ஆஸ்பத்திரியில் எட்டு மணிநேரம் யார் யாருடைய நரம்பையோ தேடுவேன். இந்த இரண்டுக்கும் நடுவில் குடோன் சாலை இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர், வளைவே இல்லாமல். போன வருஷம் ஒருநாள் தூக்கம் கலையட்டும் என்றுதான் ஆக்ஸிலரேட்டரில் காலை அழுத்தினேன். மறுநாள் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் யாரையும் துடைக்க வேண்டாம், யாருக்கும் வலிக்காமல் குத்த வேண்டாம். சில நாள் கத்துவேன். கத்தல் இன்ஜின் சத்தத்தில் காணாமல் போய்விடும்.

“சென்சாரா இல்லையான்னு பாக்க ஒரே வழிதான் சார்,” என்று காது சாவியை என்னிடம் நீட்டினான். “யார் கையில அப்படிக் காட்டுதோ, அவங்களே ஓட்டணும். நீங்க பக்கத்துல உக்காந்து திரையைப் பாருங்க. அக்கா, தினமும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க.”

குடோன் சாலை பட்டறையிலிருந்து இரண்டு திருப்பம். நாற்பதில் உருட்டிக்கொண்டு போனேன். இப்படியே போய்த் திரும்பினால் போதும். பழி சென்சார் தலையில் விழும், என் குட்டு வெளிப்படாது. திங்கட்கிழமை முதல் வேனில், நர்சுகளின் கொட்டாவிக்கு நடுவே உட்கார்ந்து போவேன். மானமா, அந்த ஒரு நிமிஷமா என்று கடைசித் திருப்பம் வரை மனசு அடித்துக்கொண்டது. திருப்பத்தைத் தாண்டியதும் குடோன்கள் இரண்டு பக்கமும் ஷட்டரை இறக்கிக்கொண்டு நின்றன. சாலையில் ஈ காக்கை இல்லை.

“பெல்ட் போட்டுக்கோங்க,” என்றேன்.

“எதுக்கு? நீ ஓட்ற ஓட்டுக்கு...”

இரண்டாவது கியரிலேயே காலை முழுக்க இறக்கினேன். அவர் தலை சீட்டில் மோதியது. மூன்று. கை தானாகவே மாற்றியது. ஷட்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் ஒரு கையால் லேப்டாப்பையும் மறுகையால் கதவுப் பிடியையும் பற்றிக்கொண்டு பெல்ட்டைத் தேடினார்.

“நீலக் கதவு வருது பாருங்க,” என்று கத்தினேன். “அங்கதான் மூச்சு வாங்கும்.”

நீலக் கதவருகே இன்ஜின் திணறியது. தினமும் அங்கேதான் திணறும். காலை எடுத்தேன். சாலை முடிந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பும் முனையில், பூட்டிய ஒரு கேட் முன்னால் கார் தானாக வந்து நின்றது.

“தினமுமா?”

“வாரத்துக்கு அஞ்சு நாள்.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், “பெரிசு போட்டா நீலக் கதவைத் தாண்டியும் இழுக்கும்,” என்றார். “ஆனா காலைல ஸ்டார்ட் ஆகி நிதானத்துக்கு வர அஞ்சு நிமிஷமாவது ஆகும்.”

“அந்த அஞ்சு நிமிஷம் எங்கிட்ட இல்லைங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குத் தெம்பில்லை. நான் காரைத் திருப்பினேன். முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. அவர் லேப்டாப்பை மூடிக் காலடியில் வைத்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். ‘க்ளிக்’ என்றது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்தார்.

முன்னால் சாலை காலியாக இருந்தது.