சத்திரத்தில் சொதி

பேட்டையில் ஜெய்சனின் கிரில் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெல்டிங் சத்தம் ஓய்ந்த அந்த மதியங்களில்தான் ஒரு கதை ஆட்டத்தில் நாங்கள் வீரர்களாவோம். நான் கோடரி ஏந்திய குள்ளன். ஜெய்சன் மந்திரவாதி. மேலப்பாளையம் ஷம்ஸியா சுவரேறிக் குதிக்கும் திருடி. நிஜத்தில் நான் டியூஷன் வாத்தியார், ஷம்ஸியா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள், எல்லோருமே முப்பதைத் தாண்டியவர்கள். மதுமதி மட்டும் யாராகவும் மாறமாட்டாள். கதை சொல்வது அவள். காடும் மலையும் அரக்கர்களும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்வோம்; அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

மூன்று மாதமாக ஆட்டம் இல்லை. தை மாதம் நடக்கவேண்டிய மதுமதியின் கல்யாணம், பந்தக்கால் நட்ட பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். காரணம் சொல்லக்கூடத் தோன்றவில்லை அந்தப் பெரிய மனிதர்களுக்கு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதன்பிறகு ஆபீஸ் விட்டால் வீடு என்று கிடந்தவள், போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழமை வாங்க. அந்த டிராகனோட கதையை முடிச்சிருவோம். அதுக்குப் பொறவு நான் வரல. ஓசூருக்கு மாத்தல் கேட்டிருக்கேன்."

அவள் வருவதற்கு முன்பே பேசிவைத்துக்கொண்டோம், கல்யாணம் என்ற சொல்லே யார் வாயிலும் வரக்கூடாது என்று. ஜெய்சன் சத்தியம் செய்தான். ஊர்க் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் வைக்கிற அவனுக்கு வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதுதான் என் பயம்.

ஆட்டம் தொடங்கியது. டிராகன் தூங்கும் மலையடிவாரம், மழை, ஒதுங்க ஒரு சத்திரம். ஆட்டப் புத்தகத்தில் எல்லாச் சத்திரங்களிலும் ஒரே சாப்பாடுதான். ஸ்டூ, கறுப்பு ரொட்டி, நுரை பொங்கும் ஏல் என்கிற பீர். ஷம்ஸியா மட்டும் ஏலுக்குப் பதில் நன்னாரி சர்பத் கேட்பாள், எந்தக் காட்டுச் சத்திரமானாலும் மதுமதி கொடுத்துவிடுவாள். மற்றவை என்ன ருசி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அந்த ஸ்டூவுல என்னதான் கெடக்கு?" என்றான் ஜெய்சன். "இன்னைக்காவது சொல்லு. டிராகன் வாயில சாவுறதுக்கு முந்தி தெரிஞ்சுக்கிடுதேன்."

மதுமதி புத்தகத்தைப் புரட்டினாள். அதில் ஒன்றும் இல்லை போல, மூடிவைத்தாள். "பெரிய உருளி," என்றாள். "பாசிப்பருப்பு, முருங்கைக்காய், காரட், உருளைக்கிழங்கு. தேங்காயோட மூணாம் பால்ல வெந்துட்டு இருக்கு. இஞ்சியும் பச்ச மொளகாயும் அரைச்சு விட்டிருக்கு. தலைப்பால் இனிமேதான் ஊத்தணும்."

"ஏ, இது சொதில்லா," என்றான் ஜெய்சன் வாயெல்லாம் பல்லாக. "உருளி நெறைய சொதின்னா மறுவீடு. அப்போ நேத்து இங்கன கல்யாணம்."

எங்கள் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் அது அப்படித்தான். தாலி கட்டிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் வைக்கிற விருந்து சொதி. பெஞ்சுக்கடியில் ஜெய்சனின் காலை ஓங்கி மிதித்தேன். அதற்குள் அவனுக்கே உறைத்து முகம் கறுத்துவிட்டது. மதுமதி பென்சிலைப் பைக்குள் வைத்தாள். எழுந்து போய்விடுவாள், இனி வரவேமாட்டாள் என்று நினைத்தேன்.

ஷம்ஸியா பகடையை எடுத்தாள். "நான் பைய அடுப்படிக்குள்ள போறேன். பொண்ணு யாருன்னு பாக்கணும்."

உருட்டினாள். பதினெட்டு விழுந்தது. அவ்வளவு பெரிய எண் விழுந்தால் கதை சொல்கிறவள் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மதுமதி பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு அங்கனதான் நிக்கா," என்றாள் கடைசியில். "கல்யாணம் நின்னுட்டு. மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தரும் வரல. தேங்காய் அம்புட்டையும் திருவி பால் எடுத்தாச்சு. கீழ கொட்டவா முடியும்? மழைக்கு ஒதுங்கினவங்களுக்கு வெளம்புதா."

"அழுதாளா?" என்றாள் ஷம்ஸியா.

"அழுதா. நல்லா அழுதா. இப்ப எலுமிச்சம்பழம் பிழியப் போறா. அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா பால் திரிஞ்சிரும். எறக்கி வச்சுட்டா, இனி பிழியலாம்."

அவள் கண் நிறைந்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

"இஞ்சிப் பச்சடி உண்டா?" என்றான் ஜெய்சன், தலையைத் தூக்காமல்.

மதுமதி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பச்சடி வந்தது, உருளைக்கிழங்கு சிப்ஸ் வந்தது, மந்திரவாதி மூன்று முறை சோறு வாங்கினான். வெறும் பேச்சுத்தான். ஆனாலும் பட்டறையில் எல்லோருக்கும் பசித்தது.

"அந்தப் பொண்ணு எங்ககூட மலைக்கு வருவாளான்னு கேளுளா," என்றாள் ஷம்ஸியா.

"அவளுக்குச் சண்டை போடத் தெரியாதே."

"அவ்வளவு பெரிய உருளியை அடுப்புலேருந்து எறக்குனவ," என்றேன். "டிராகன் என்ன பெரிய இது."

ஜெய்சன், வீரர்களின் விவரம் எழுதும் புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். மதுமதி பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆயுதம் என்ற இடத்தில் கரண்டி என்று எழுதினாள்.

"டிராகன் தூங்குது," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை போய் எழுப்புவோம். இப்போ இவ சத்திரத்து வாசலைத் தாண்டுதாளான்னு பாப்போம்."

தனக்கென்று அவள் பகடை உருட்டி நான் பார்த்ததில்லை. உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கிவிட்டுப் போட்டாள். அது பெஞ்சிலிருந்து குதித்து, பெயின்ட் அடிக்காத ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்கு அடியில் ஓடி நின்றது. நான்கு பேரும் தரையில் மண்டியிட்டுக் குனிந்தோம்.