இறுக்குக் கட்டு

சத்தியநாதன் பட்டாளத்தை விட்டு வந்தது எண்பத்தாறில். ராணுவ மருத்துவப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நர்ஸிங் உதவியாளராக இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அப்போது வயது நாற்பத்திரண்டு. எழுபத்தொன்றில் வங்காள எல்லையில் கூடாரத்துக்குள் முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு குண்டுபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். லடாக்கில் பனியில் கறுத்துப்போன கால்விரல்களைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வேலையில் தனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்று அவருக்கு எண்ணம்.

இரும்புலியூரில் அவருடைய மனைவி மெட்டில்டா ஒரு வீடு கட்டி வைத்திருந்தாள். தாம்பரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அவள். கிணறு வெட்டியது, மேஸ்திரியோடு சண்டை போட்டது, மின்சார இணைப்புக்கு அலைந்தது எல்லாம் அவள்தான். கணவர் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே சொன்னாள்:

"ஆறு மாசம் சும்மா இருங்க. உடம்பைத் தேத்திக்கிட்டு அப்புறம் வேலை பார்க்கலாம்."

"சும்மா இருந்தா துருப் பிடிச்சிரும். தாம்பரத்துலேர்ந்து பல்லாவரம் வரைக்கும் தெருவுக்கு ஒரு நர்ஸிங் ஹோம் முளைச்சிருக்கு. எவனாவது ஒருத்தன் எடுத்துக்க மாட்டானா?"

எவனும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு இடத்தில் அவருடைய சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மிலிட்டரி சர்ட்டிபிகேட். இங்க நர்ஸிங் கவுன்சில்ல பதிஞ்சிருக்கீங்களா?" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஆண் நர்ஸே வேண்டாம் என்றார்கள். மூன்றாவது இடத்தில், தரை துடைக்க ஆள் தேவை, சம்மதமா என்று கேட்டார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்று சொன்ன உடனே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அடுத்த வார்த்தை செக்யூரிட்டி என்றுதான் இருக்கும். சமையல்காரனாக இருந்தவனும் பீரங்கி சுட்டவனும் கட்டுப் போட்டவனும் வெளியே வந்தால் ஒரே ஆள்தான். கையில் ஒரு தடி, தலையில் ஒரு தொப்பி.

ஒன்றரை வருடம் அலைந்த பிறகு அவரும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் டாக்டர் யக்ஞநாராயணன் நடத்திய நர்ஸிங் ஹோமில் பகல் வாட்ச்மேன் வேலை. ஆஸ்பத்திரி கேட்டிலாவது நிற்கிறோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகப் போக உள்ளே கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது. சேர்ந்த இரண்டாம் மாதம், மாடிப்படியில் விழுந்த ஒரு குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சத்தியநாதன் அதன் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளே வரை போனார். டாக்டர் பார்த்துவிட்டார். பிறகு அறைக்கு வரச் சொல்லி, கோபமில்லாமல்தான் பேசினார்.

"நாதன், நீங்க நல்ல மனுஷர். ஆனா பேஷண்ட் மேல கை வைக்கப்படாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான். உங்க வேலை கேட்."

"சரி சார்," என்றார் சத்தியநாதன். இருபத்திரண்டு வருடம் 'சரி சார்' சொல்லிப் பழகிய வாய்.

எண்பத்தொன்பது கோடையில் ஒரு பிற்பகல். லாரி ஒன்று சைக்கிளில் போனவனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நாலைந்து பேர் அவனைத் தூக்கிக்கொண்டு நர்ஸிங் ஹோமுக்கு ஓடி வந்தார்கள். கொத்தனார் வேலை செய்பவன் போலிருந்தது. சட்டையெல்லாம் சிமெண்ட். வலது முழங்காலுக்குக் கீழே கால் பிளந்து, ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. அந்தப் பீய்ச்சலைப் பார்த்ததும் சத்தியநாதனுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய குழாய் அறுந்திருக்கிறது. சில நிமிடங்கள்தான் இருக்கின்றன.

ரிசப்ஷன் பெண் உள்ளே ஓடினாள். டாக்டர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆக்ஸிடெண்ட். போலீஸ் கேஸ் ஆயிடும். இங்க வேண்டாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லு. நாதன், கேட்டைச் சாத்துங்க."

"சார், ரத்தத்தையாவது நிறுத்திட்டு..."

"சாத்துங்கன்னேன்."

சத்தியநாதன் கேட்டைச் சாத்தினார். சாத்தும்போது தான் வெளிப்பக்கம் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கைகள் தாமாகவே வேலை செய்தன. யாரோ ஒருவரின் தோளிலிருந்து துண்டை உருவித் தொடையில் சுற்றினார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரனிடம் ஸ்பேனர் வாங்கி, முடிச்சில் செருகி முறுக்கினார். ரத்தம் நின்றது. அடிபட்டவன் கண்ணைத் திறந்து பார்த்தான். "ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாதுப்பா," என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். போர்முனையில் இந்தியில் சொல்லிப் பழகியது, இங்கே தமிழில் வந்தது.

அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். இறுக்குக் கட்டுப் போட்டால், போட்டவன் கூடவே போக வேண்டும். போக முடியாவிட்டால் கட்டிய நேரத்தை அடிபட்டவன் நெற்றியில் எழுத வேண்டும். அதிக நேரம் இருந்தால் கால் செத்துவிடும். பயிற்சியில் சேர்ந்த முதல் வருடமே அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். சத்தியநாதன் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டார். கேட்டுக்கு உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"நாதன்! அந்த வண்டியில ஏறினா அப்படியே போயிடுங்க. திரும்ப வராதீங்க."

வைத்த காலை அவர் எடுத்துவிட்டார்.

"தம்பி, நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போ. போன உடனே டாக்டர்கிட்ட கட்டைக் காட்டு. இப்பத்தான் கட்டினதுன்னு நேரத்தைச் சொல்லு. மறந்துராத," என்று ஆட்டோக்காரனிடம் சொன்னார்.

"சரி சார், சரி சார். நீ நவுரு மொதல்ல," என்று அவன் வண்டியைக் கிளப்பினான்.

வருகிற போகிற வண்டி நம்பர்களைக் குறிக்கும் பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. நெற்றியில் எழுத அது போதும். ஆட்டோ கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் நர்ஸிங் ஹோமுக்கு வந்தார்கள். அடிபட்டவன் பெயர் சம்பந்தம் என்றும், கீழ்க்கட்டளைக்காரன் என்றும், இவள் அவன் மனைவி கன்னியம்மா என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஆட்டோக்காரன் நேராகப் போகவில்லை. பக்கம் என்று நினைத்து வழியில் வேறு இரண்டு நர்ஸிங் ஹோம்களில் நிறுத்தியிருக்கிறான். அங்கேயும் இதே பதில். அரசாங்க ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, போலீஸ் வருமென்று பயந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டான். கட்டைப் பார்த்துப் பிரித்தபோது நேரம் கடந்திருந்தது. காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். "எங்க ஆஸ்பத்திரியில யாரும் அவரைத் தொடலைம்மா. கட்டினது வாட்ச்மேன். வேண்டாம்னு நான் சொல்லியும் கேட்காம அவரா செஞ்சது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

கன்னியம்மா கேட்டுக்கு வந்தாள். "நீதானா அந்த வாச்மேனு? உன்னை யாருய்யா கட்டச் சொன்னது? அங்க டாக்டரு கேட்டாரு, எவன்மா இப்டி கட்டினது, காலு செத்துப் பூட்ச்சேன்னு. நான் இன்னான்னு சொல்ல?"

"அம்மா, கட்டலேன்னா ரோட்டுலயே போயிருப்பார். இப்ப உயிராவது இருக்குல்ல..."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"உசுரா? உசுர வச்சிக்கினு அந்தாளு இன்னா பண்ணும்? ஒத்தக் கால்ல சாரம் ஏறுமா? நீ ஏத்தி வுடுவியா? மூணு புள்ளைங்க கீதுய்யா வூட்ல!"

தம்பிக்காரன் சத்தியநாதனின் சட்டைக் காலரைப் பிடித்தான். தொப்பி கீழே விழுந்தது. சுற்றி நின்றவர்களில் அன்றைக்குத் துண்டு கொடுத்தவரும் இருந்தார்.

புகார் போலீஸ் வரை போனது. ஸ்டேஷனில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தான் ராணுவ மருத்துவப் பிரிவு என்று சத்தியநாதன் சொன்னார். எஸ்.ஐ. ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, "டாக்டருக்குப் படிச்சியா? இல்லல்ல? அப்புறம் எதுக்குய்யா உனக்கு இந்த வேலை?" என்றார். மெட்டில்டா தன் தலைமையாசிரியை ரத்தினபாயைக் கூட்டிக்கொண்டு வந்து, பேசி, எழுதிக் கொடுத்து அழைத்துப் போனாள். நர்ஸிங் ஹோமில் வேறொரு முன்னாள் ராணுவக்காரர் ஏற்கெனவே கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு மெட்டில்டா கேட்டாள்.

"கட்டினது தப்பில்லைங்க. ஏன் கூடப் போகலை?"

"போயிருந்தா வேலை போயிருக்கும்."

"இப்ப இருக்குதா?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு விடை எங்கே தப்பிப்போனது என்று பார்க்கிற பழக்கம். ஆனால் அந்தக் கேள்வி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

இரண்டு மாதம் பொறுத்து சத்தியநாதன் கீழ்க்கட்டளைக்குப் போனார். போக வேண்டாம் என்று மெட்டில்டா சொன்னாள். கன்னியம்மா சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள். சம்பந்தம் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடித்துக் கட்டிய லுங்கியின் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"நான் தாம்பரத்துலேர்ந்து வர்றேன். அன்னிக்கு உங்களுக்குக் கட்டு..."

"தெர்யும் சார். கொரலு ஞாபகம் கீது." சம்பந்தம் சத்தம் போடவில்லை. "மூஞ்சி சரியா தெர்ல. கொரலு மட்டும் நல்லா ஞாபகம் கீது. ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கினே இருந்த. நான் நம்பிட்டேன் சார்."

சத்தியநாதன் நின்றுகொண்டே இருந்தார்.

"ஆட்டோல ஏறுவேன்னு பாத்தேன்," என்றான் சம்பந்தம். "காலைக்கூட வச்ச. அப்பால கண்ணு இருட்டிக்கிச்சு. நடுவுல முழிச்சுப் பாத்தா நீ இல்ல."

"தப்புதான்பா."

"இன்னா சார் பண்றது இப்போ. நல்லாப் பண்ணின, பாதில வுட்டுட்ட. நீ பண்ணாமயே இருந்திருந்தா நான் இந்நேரம் செத்திருப்பேன், அவளும் அழுது முடிச்சிருப்பா. அதுவும் ஒரு கணக்குதான்." பிறகு, "டீ குடிக்கிறியா? பசங்கள வாங்கியாரச் சொல்றேன்," என்றான்.

அந்த டீயைக் குடித்ததுதான் தன் வாழ்க்கையில் செய்ததிலேயே கஷ்டமான காரியம் என்று சத்தியநாதன் பல வருடம் கழித்து மெட்டில்டாவிடம் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

தொண்ணூறில், முன்னாள் ராணுவத்தினரை வைத்து செக்யூரிட்டி ஏஜென்சி நடத்திய ஒருவர் மூலம் மறைமலை நகரில் வேலை கிடைத்தது. கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. பர்சனல் ஆபீசர் ராஜகோபாலன் நேரில் பார்த்துப் பேசினார்.

"ஆர்மியில என்ன வேலை பார்த்தீங்க? இங்க ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல ஒரு ஆள்தான் இருக்கார். அவர் லீவு போட்டா பார்த்துக்க யாராவது தெரிஞ்சவங்க கிடைச்சா நல்லாயிருக்கும். கொஞ்சம் கூடுதல் சம்பளமும் உண்டு."

நான்கு வருடத்துக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் சத்தியநாதன் அட்டென்ஷனில் எழுந்து நின்றிருப்பார்.

"ஸ்டோர்ஸ் சார். அரிசி, பருப்பு, துணி. வைத்தியமெல்லாம் எனக்குத் தெரியாது," என்றார்.

ராஜகோபாலன் சரியென்று தலையாட்டிவிட்டு அவரைக் கேட்டுக்கு அனுப்பினார். ராணுவத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. செக்யூரிட்டிக்கு அவ்வளவு பார்ப்பதில்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் பிரஸ் பிரிவில் ஒருவனுக்கு வலது கை விரல்கள் இயந்திரத்தில் மாட்டின. ஃபர்ஸ்ட் எய்டு ஆள் அன்று வரவில்லை. கையைத் துணியில் சுற்றி, கேட்டுக்குப் பக்கத்து நிழலில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். "யாருக்காவது தெரியுமா? கட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு சூப்பர்வைசர் கத்தினான். துணி தளர்வாகச் சுற்றியிருந்தது. கையை உயர்த்திப் பிடிக்காமல் மடியில் வைத்திருந்தார்கள். அறுந்த விரல்களை யாரும் தேடவில்லை. எல்லாமே தப்பு. சத்தியநாதன் அவ்வளவையும் பார்த்தார். பிறகு கேபினுக்குள் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வேனுக்கு வழிவிடக் கூட்டத்தை ஒதுக்கினார்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

"இன்னைக்கு ஒருத்தனுக்கு மூணு விரல் போச்சு."

மெட்டில்டாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. "நீங்க என்ன பண்ணீங்க?"

"போன் பண்ணேன்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மோர் ஊற்றினாள்.

தொண்ணூற்று ஒன்பதில், ஐம்பத்தைந்து வயதில், இரண்டாம் முறையாக ஓய்வு பெற்றார். கேன்டீனில் ஒரு சின்னக் கூட்டம் வைத்து, சால்வை போர்த்தினார்கள். ராஜகோபாலன் பேசினார். ஒன்பது வருடத்தில் இவர் மேல் ஒரு புகார் வந்ததில்லை, தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருப்பார், தேவையில்லாத விஷயத்தில் தலையிட்டது கிடையாது, செக்யூரிட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சத்தியநாதன் எழுந்து நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.