பாதியில் நின்ற சண்டைப்படம்

ஜமீல் எழுந்ததும் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறையும்வரை பல் துலக்கினான். பால் பாக்கெட்டின் முனையை வெட்டிப் பாதியைக் காய்ச்சினான். மீதியை பிரிட்ஜில் வைத்தான். டீ குடித்தான். நேற்று வாங்கிய பன்னைத் தின்றான். ஒரு தம்ளர், ஒரு தட்டு. கழுவிக் கவிழ்த்தான். மோட்டாரை நிறுத்தினான். கொடியில் கிடந்த சட்டையை உதறி மாட்டிக்கொண்டான்.

நெற்குப்பைப் பக்கம் ஒரு செல்போன் கோபுரத்தில் பேட்டரி மாற்ற வேண்டும் என்று கம்பெனியிலிருந்து சொல்லியிருந்தார்கள். அந்தக் கோபுரங்களைப் பராமரிக்கும் என்ஜினியர் அவன். மனைவி சுஹானா இறந்த பிறகு இந்த வேலை அவனுக்குத் தோதாக இருந்தது. கோபுரத்தடியில் பேச ஆள் கிடையாது.

வண்டிச் சாவியை எடுக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் அஜீஸா இறங்காமலே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூப்பிட்டார்.

"மாப்ள, கிளம்பிட்டீகளா?"

"ஆமா மாமி. நெற்குப்பைக்கு."

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிருங்க. அண்ணன் ரொம்ப முடியாமக் கிடக்காக. உங்களைத்தான் கேக்குறாக."

அண்ணன் என்றது சபியுல்லாவை. சுஹானாவின் தாய்மாமன். இதயம் தளர்ந்துபோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மதுரையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"பள்ளிவாசல் ஹஜ்ரத் வரலையா மாமி?"

"வந்து ஓதிட்டுப் போனாக. அண்ணனுக்கு மனசு ஒப்பல. 'சுஹானாவுக்குச் சொல்லிக்குடுத்த வாய் வந்து எனக்கும் சொல்லிக்குடுக்கட்டும்'ங்கிறாக. ஏறுங்க."

ஜமீல் ஏறினான். மறுப்பதற்கு இருந்த ஒரே காரணம் வெளியில் சொல்லக்கூடியது அல்ல.

சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து இறை நம்பிக்கையின் மூல வாக்கியமான கலிமாவை மெல்லச் சொல்லிக்கொடுப்பதும், அதைத் திருப்பிச் சொன்ன வாயோடு உயிர் பிரிவதும் அவர்கள் வீடுகளில் எல்லோரும் வேண்டிக்கொள்கிற பாக்கியம். சுஹானா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அஜீஸா மருமகனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கலிமா சொன்னாளா மாப்ள?"

அவன் தலையை ஆட்டினான். அவன் செய்தது அவ்வளவுதான். பிடி தளர்ந்தது. அந்தத் தாய் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். அதற்கு முன் அவரால் அழக்கூட முடியவில்லை.

அதன்பின் அந்தத் தலையாட்டல் தானாக வளர்ந்தது. மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்குள் 'தெளிவாகச் சொன்னாள்' என்றார்கள். அவளுக்காகப் பாத்திஹா ஓதிய அன்று 'ஆட்காட்டி விரலை உயர்த்திச் சொன்னாள்' என்றார்கள். பிறகு சிரித்த முகம் சேர்ந்தது. ஜமீல் எதையும் சேர்க்கவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை.

ஆட்டோ கழனிவாசல் பக்கம் திரும்பியது. அஜீஸா டிரைவர் பக்கம் குனிந்தார்.

"எம்மக விசயம்தான் உனக்குத் தெரியுமே மாயக்கண்ணா."

"தெரியும்மா. ஊரே பேசுதே."

"மூணு தரம் சொல்லுச்சுப்பா. இவுக சொல்லிக்குடுக்கக் குடுக்க, மூணு தரம்."

மூன்று தரம் என்பது புதிது. ஜமீல் வெளியே பார்த்தான். டிரைவர் கண்ணாடியில் அவனை மரியாதையோடு பார்த்தான்.

"குடுத்து வச்சவுக சார் நீங்க. எங்கப்பாருக்குப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். சிவசிவான்னு சொல்லுங்கப்பான்னா, ஒரு பீடி குடுறான்னாரு. அதோட போயிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஜமீலுக்கு அந்தப் பீடியின் மேல் பொறாமையாக இருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

சபியுல்லாவின் வீட்டு முன்னறையில்தான் ஒரு காலத்தில் அவருடைய கேபிள் டிவி ஆபீஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ் பேசும் இங்கிலீஷ் படம் ஒன்று போடுவார். வேற்றுக் கிரகம், ரோபோ, பறக்கிற கார், துப்பாக்கிச் சண்டை. பள்ளிக்கூடம் போகிற வயதில் சுஹானா அந்த வயர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு மாமனிடம் குறை சொல்லுவாள். கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. புதுப்படம் எது வந்தாலும் அவர் போன் போடுவார்.

"எப்படிப் புள்ள இருந்துச்சு?"

"நல்ல படம் மாமு. பாதியிலயே நல்லாத் தூக்கம் வந்துருச்சு."

அவள் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்தவள் அல்ல. அடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவே நடந்தபடி பார்ப்பாள். அபிப்பிராயம் மட்டும் முழுதாக இருக்கும். உலகத்தை அழிச்சுப்புட்டு இந்த வில்லன் எங்குட்டுக் குடியிருப்பான் என்பாள். காலத்துல பின்னால போறவன் எல்லாம் ராசா மந்திரியக் காப்பாத்தத்தான் போறான், ஒருத்தனாச்சும் அடுப்புல பாலை வச்சுட்டு மறந்ததுக்காகப் போறானா என்பாள். இத்தனை பெரிய விண்கலத்தில் ஒரு கக்கூஸைக் காட்டினார்களா என்று தேடுவாள்.

ஜமீல் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். விஞ்ஞானப் படங்களை மரியாதையோடு பார்ப்பவன். விண்வெளியில் காற்று இல்லை, அதனால் வெடித்தாலும் சத்தம் கேட்காது என்று ஒருமுறை அவளுக்கு விளக்கினான்.

"அப்புறம் எதுக்கு மச்சான் இம்புட்டுச் சத்தமா வச்சிருக்கீக? பக்கத்து வீட்ல பிள்ளை தூங்குது."

அவனுக்குச் சிரிப்பு வந்ததில்லை. "பேசாமப் படத்தைப் பாரு" என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவள் பேச்சு இல்லாமல் ஒரே ஒரு படமாவது பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறான். அடக்கம் முடிந்து சில வாரத்தில், கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு கோபுரத்தடியில் உட்கார்ந்து, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, அப்படி ஒன்று பார்த்தான். துக்க வீட்டுக்காரன் செய்கிற காரியமா என்று தனக்குள் கூசிக்கொண்டு பார்த்தான். நகரங்கள் இடிந்தன. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பாதியில் அணைத்துவிட்டான்.

சபியுல்லா தலையணைகளில் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கட்டிலோரம் அந்த எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"வா மாப்ள. என் கனெக்சனைக் கழட்ட... ஆளு கிளம்பியாச்சு."

"அப்படியெல்லாம் பேசாதீக மாமு."

"சுஹானா இருந்திருந்தா... இந்தக் குழாயப் பாத்துட்டு... எந்தக் கிரகத்துக்குக் கிளம்பிட்டீகன்னு கேட்டிருப்பா."

"சும்மா இருங்கண்ணே," என்றார் அஜீஸா. "நெனைக்க வேண்டியத நெனைங்க." அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து யாசீன் கிதாபைப் பிரித்தார். உதடுகள் அசையத் தொடங்கின.

ஜமீல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.  குனிந்து, அவர் காதருகே மெல்லச் சொன்னான்: "லா இலாஹ இல்லல்லாஹ்."

"லா இலாஹ..." என்றார் சபியுல்லா. மூச்சு அங்கே நின்றது. கண்கள் அகன்றன. நெஞ்சு ஏறி இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

அவர் ஜமீலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான் மாப்ள. அந்த எடத்துலயே நிக்குது. முன்பாதிக்கு என்ன அர்த்தம்? இறைவன் இல்லை. பின்பாதியும் வந்தாத்தான... அல்லாவைத் தவிரன்னு ஆகும். பாதியில மூச்சு நின்னுட்டா... நான் என்ன சொல்லிட்டுப் போனவன்?"

"மனசுல இருக்கிறது அல்லாவுக்குத் தெரியாதா மாமு?"

"ஹஜ்ரத்தும் அதான் சொன்னாக. ஆறுதலுக்கு." அவர் வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சுஹானாவுக்கும் மூச்சு முட்டித்தான போயிருக்கும்? அவ மூணு தரம் சொல்லியிருக்கா. முழுசா. விளையாட்டுப் புள்ள அது. பாதி நாளு சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிக்காது. அஞ்சு வேளை தொழுதவன் எனக்கு... ஒரு தரம் வர மாட்டேங்குது. என்ன பாவம் பண்ணேன்னு... யோசிச்சுக்கிட்டே கிடக்கேன். பாங்கு சொல்ற நேரத்துல படம் போட்டேனே... அதுவா இருக்குமா மாப்ள?"

அவர் கேட்டது விளையாட்டுக்கு அல்ல. அந்த மனிதர் உண்மையில் பயந்துபோயிருந்தார். 

ஜமீலுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் ஆட்டிய தலை, இந்த மனிதரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கிவைக்க அவன் ஒருவனால்தான் முடியும். இறக்கினால் அது கால்மாட்டில் இருக்கிற தாயின் தலையில் விழும். மகள் நல்ல வார்த்தை சொல்லிப் போனாள் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் அஜீஸா இத்தனை நாளும் சோறு தின்றிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அவனுக்குத் தினமும் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

சபியுல்லா மறுபடி முயன்றார். "லா இலாஹ..."

நின்றது. அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

"மாமு," என்றான் ஜமீல். "அவ சொல்லல."

அஜீஸாவின் உதடுகள் நின்றன.

"என்ன சொல்றீக மாப்ள?"

அவன் கட்டில் காலைப் பார்த்தான். 

"சுஹானா கலிமா சொல்லல மாமி. நான் சொல்லிக்குடுக்கவும் இல்ல. காய்ச்சல் இறங்கிருச்சு, நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாம்னுதான அன்னிக்கு நெனச்சோம்? நீங்க அஸர் தொழப் போனீக. நாங்க போன்ல படம் பாத்துக்கிட்டு இருந்தோம். ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்கிட்டு. விண்கலத்துக்குள்ள சண்டை. அவ என்னமோ சொன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்கல மாமி. 'ம்'னேன். சண்டை முடிஞ்சதும் திரும்புனேன்..."

அதற்கு மேல் வரவில்லை.  சாகிற மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை பார்த்தவன் என்பதை இப்போது மூன்று பேர் அறிவார்கள். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. மணிக்கட்டு இன்னும் சபியுல்லாவின் கையில் இருந்தது.

"எங்கிட்டத் தலைய ஆட்டுனீகளே," என்றார் அஜீஸா.

"ஆமா மாமி."

"ஊரெல்லாம் சொன்னேனே மாப்ள. ஆட்டோக்காரன் வரைக்கும் சொன்னேனே."

"ஆமா மாமி."

அவர் கிதாபை மூடி மடியில் வைத்தார். முக்காட்டு முனையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்து மெல்லச் சொன்னார்:

"மூணு தரம்கிறது நானாச் சேத்துக்கிட்டது. வெரலும் நாந்தான்."

அவனைப் பார்க்க அவராலும் முடியவில்லை.

சபியுல்லா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அப்ப... ஒண்ணும் சொல்லாமத்தான் போச்சா அந்தப் புள்ள?"

"ஆமா மாமு. அதுக்காக அவளை அல்லா கைவிட்டிருப்பான்னு நெனைக்கிறீகளா?"

"சேச்சே." அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தப் புள்ளையையா? என்ன பேச்சு பேசுற?"

 கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டின் மேலிருந்த பிடி தளர்ந்தது. கையை எடுக்கவில்லை. கலிமாவை அவர் மறுபடி தொடங்கவும் இல்லை. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. முகத்தில் அந்தப் பயம் இல்லை.

அஜீஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் திட்டுவார் என்று ஜமீல் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்.

"படம் பாக்கையில என்னமோ சொன்னான்னீகளே," என்றார். "என்ன சொன்னா?"

"அது ஒண்ணுமில்ல மாமி."

"எம்மக கடைசியாப் பேசுனது ஒண்ணுமில்லையா?"

"படத்தைப் பத்தித்தான். எப்பவும் சொல்றதுதான். வேணாம் மாமி."

"சொல்லுங்க. கூட்டாம, குறைக்காமச் சொல்லுங்க."

சபியுல்லாவும் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். ஜமீல் தரையைப் பார்த்தபடியே, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்:

"'மச்சான், அவனுக்குக் குண்டு பட்டது தோள்ல. எதுக்கு நொண்டுறான்?'"