கோழி கூவுவதற்கு முன்

ததேயுஸ் செல்போனுக்கு நேராக நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில், சீனாவில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி அறையிலிருந்து, நரைத்த தலையுள்ள டாக்டரம்மா ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் மகள் பெபிஷா. ஆறு வருஷம் அந்த நாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே தொழில் செய்வதற்கான பரீட்சைக்காகக் குளச்சல் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவளுக்குச் சீன வைத்தியம் சொல்லிக் கொடுத்தவர்.

நாலு வருஷமாக ததேயுஸுக்கு வயிற்றால் ரத்தமும் சளியுமாகப் போனது. நாகர்கோவில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண், அடியோடு போகாது, மாத்திரையில் அடக்கி வைக்கலாம் என்றார். மாத்திரையில் ரத்தம் குறைந்தது. ஆனால் விடியலுக்கு முந்திய அந்த ஒரு மணி நேரம் மட்டும் அடங்கவில்லை. அவர் மீன்பிடிக்கப் போகும் வள்ளம் கடலில் இறங்குவதும் அதே நேரம்தான். ஆறு பேர் நிற்கும் வள்ளத்தில் மறைவுக்கு எங்கே போவது? ஒருநாள் அது நடந்தேவிட்டது. இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. கடல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவியவர், அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னார், வீட்டிலும்கூட.

பெபிஷாவின் வாயிலிருந்து சீன பாஷை ஏறியும் இறங்கியும் தடையில்லாமல் வந்தது. தன் வீட்டில் பிறந்த பிள்ளைதானா இது என்று ததேயுஸ் வியந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கால் எப்பவும் சில்லுன்னு தணுப்பா இருக்குமான்னு கேக்காவ அப்பா."

"ஆமா மக்கா. இடுப்பும்தான்."

டாக்டரம்மா இன்னொன்று கேட்டார். பெபிஷா சற்றுத் தயங்கினாள். "கோழி கூவுததுக்கு முந்தி வயிறு எழுப்பி விட்டுருமான்னு கேக்காவ."

ததேயுஸுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. "நீ சொன்னியா?"

"எனக்கே தெரியாதே."

"பின்ன எப்பிடி?"

"அவங்க வைத்தியத்துல அதுக்குப் பேரே உண்டு அப்பா. கோழி கூவும்போ போற போக்குன்னு. பண்டே எழுதி வச்சிருக்காவ."

எந்தக் காலத்து மனுஷனோ, எந்த ஊர்க்காரனோ, தன்னைப்போல இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அதை ஒரு வைத்தியன் முகம் சுளிக்காமல் கேட்டு எழுதியும் வைத்திருக்கிறான். ததேயுஸ் மெல்ல, போனைப் பார்த்தபடி, வள்ளத்தில் நடந்ததைச் சொன்னார். பெபிஷா குரலைத் தாழ்த்தாமல் ஒரு வார்த்தை விடாமல் அதை அந்தப் பாஷைக்கு மாற்றினாள். கேட்டு முடித்ததும் அந்த அம்மா தலை தாழ்த்தினார். மாத்திரையை நிறுத்தவே கூடாது, அங்குள்ள டாக்டரிடம் கேட்டுவிட்டு மூலிகைச் சூடு மட்டும் காட்டிப் பாருங்கள் என்றார்.

நாகர்கோவில் டாக்டரும் மறுக்கவில்லை, தோல் பொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காய்ந்த மூலிகையைச் சுருட்டுப்போல் காகிதத்தில் உருட்டிய குச்சிகள் பெபிஷாவின் பெட்டியில் இருந்தன. அவள் ஒன்றைப் பற்றவைத்து, தொப்புளுக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும், தோலில் படாமல் இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தாள். சூடு உள்ளே போய்ப் பரவுவது தெரிந்தது. இரண்டு மாதம் தினமும் செய்தாள். ஒருநாள் அவர் விடிந்து கோயில் மணி கேட்டுத்தான் கண் விழித்தார். அப்புறம் குழாய் விட்டுப் பார்த்தபோது புண் பெரும்பாலும் ஆறியிருந்தது.

"எதுல நோவு கேட்டுது மக்கா? மாத்திரையா, சூடா?"

"தெரியாது அப்பா. மாத்திரைதான் ஆத்தியிருக்கும். நீங்க வாய் திறந்து சொன்னதும் ஒரு காரணமாருக்கலாம்."

அந்த வாரமே பழைய கூட்டாளி ஆன்ட்ரூஸின் வள்ளத்தில் ஏறினார்.

"ஏலே, முழங்கால் சொகமாச்சா?"

"முழங்காலு இல்லடே, வயிறு," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். ஆன்ட்ரூஸ் தூண்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. தூண்டிலில் முதலில் ஏறியது ஒரு கணவாய் மீன். முப்பது வருஷமாகப் பார்க்காமலே கூடையில் எறிந்த மீன்தான். டார்ச் வெளிச்சத்தில் அதன் உடம்பெங்கும் செம்புள்ளிகள் விரிந்தன, சுருங்கின, அப்படியே மறைந்து உடம்பே கண்ணாடியானது. மறுபடியும் தலையிலிருந்து வால்வரை ஓர் அலைபோல நிறம் ஓடியது. எறிய மறந்து, உள்ளங்கையை விரித்தபடி, ததேயுஸ் பார்த்துக்கொண்டே நின்றார்.