ரேடார் பேசுகிற இடம்

சுந்தர்சிங்கை அடக்கம் செய்த நாளிலிருந்து அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. மூத்தவள் ஜெப்ஸி, தூத்துக்குடியில் அப்பா வாங்கிய மாடிவீட்டிலேயே அம்மாவோடு இருந்தாள். இளையவன் பெவின் சரக்குக் கப்பலில் அதிகாரி. அப்பா கண்ணை மூடிய நேரம் அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. இறங்கி வர வழியில்லை.

வழியில்லை என்று ஜெப்ஸிக்கும் தெரியும். தெரிந்தும், அடக்கத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போனில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள். "வீடியோவுல காட்டு, வீடியோவுல காட்டுன்னு சொல்லுத. வேடிக்கை பாக்கதுக்கு அப்பா என்ன சினிமாவாலே?" அழுகையோடு வந்த வார்த்தைதான். அவன், "முகத்துணி போடும்போது மட்டும் நான் பாக்கணும் அக்கா" என்றான்.

பெட்டியை மூடுமுன் முகத்தின் மேல் வெள்ளைத்துணியை விரிப்பது அந்தக் குடும்பத்தில் மகனுடைய வேலை. மகன் இல்லாத இடத்தில் மகள் செய்யலாம். ஆனால் மகன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவனுக்காக இவள் கை போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். சரி என்று ஜெப்ஸி ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அப்பாவின் டேப்பை ஒரு ஸ்டூலின் மேல் பெட்டியின் கால்மாட்டில் நிறுத்தினாள். அதில் சிம் கிடையாது. வீட்டு வைஃபையில் மட்டும் ஓடும். திரையில் பெவின் சீருடையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான். காற்று அசையாத காலை. ஹார்பரில் அப்பாவோடு வேலை பார்த்த செல்வதுரை பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, யாரிடம் என்றில்லாமல், "இன்னைக்கு அக்கரை தெரிஞ்சுது அண்ணாச்சி, பாக்க நீரு இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதார்.

போதகர் ஜெபத்தை முடித்தார். ஜெப்ஸி துணியைக் கையில் எடுத்தாள். அந்நேரம் பார்த்து டேப் ஸ்டூலில் சரிந்தது. நிமிர்த்துவதற்குக் கையை நீட்டினாள். பெவினின் முகம் அப்படியே உறைந்தது. நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

துணியைப் பிடித்தபடியே நின்றாள். வட்டம் நிற்கவில்லை. "வெயில் ஏறுதும்மா" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் துணியை விரித்தாள். பெட்டியை மூடினார்கள்.

பெவின் அவள் போனுக்கு விடாமல் அடித்திருக்கிறான். போன் கைப்பையில், கைப்பை பீரோவுக்குள். ஞானப்பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது அவனுடைய செய்தி இருந்தது. 'கடைசியா நான் பாத்தது உன் உள்ளங்கை. காட்ட மாட்டேன்னு நேத்தே சொல்லியிருக்கலாம்.'

'நெட் போயிட்டுலே' என்று அனுப்பினாள்.

'அப்பா வச்ச நெட் போகாது' என்று வந்தது. அதோடு சரி.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டு வைஃபை இழுத்தாலும் சுந்தர்சிங் வீட்டில் ஓடும். அவர் ஹார்பர் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடாரில் கப்பல் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக வீட்டு ரவுட்டரைத்தான் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜெப்ஸியைக் கூப்பிட்டு, தெருவில் யார் வைஃபை எந்தச் சேனலில் ஓடுகிறது என்று தன் போனில் காட்டினார்.

"பாத்தியாளா, முப்பத்தாறுலேருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் தெரு மொத்தமும் முண்டியடிச்சு நிக்கான். நூறாம் சேனல்ல ஒரு குஞ்சும் இல்ல."

"ஏம்ப்பா இல்ல?"

"அது ரேடார் பேசுத இடம். நாம ஓரமா ஒண்டிக்கலாம். ஆனா ரேடார் சத்தம் கேட்டா உடனே வாய மூடிரணும். மூடிட்டு அரைமணி நேரம் அந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது. அதான் சட்டம். ரவுட்டரே மூடிக்கிடும்."

"ஹார்பர பக்கத்துல வச்சிக்கிட்டு இதப் போய் எடுக்கியளே!"

அப்பா சிரித்தார். "கப்பல் ரேடார் வேற அலைவரிசைளா. முப்பது வருசம் அதுக்க மூஞ்சியில முழிச்சவன் நான். இதுல வாரது வானிலை ரேடார், ராணுவ ரேடார். அது இங்கன எங்க இருக்கு?"

நூறிலேயே வைத்தார். எப்போதாவது ஒரு நாள் நின்றுபோகும். அன்றைக்குக் கேபிள்காரருக்குத் திட்டு விழும்.

அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்து, கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தது. கல்லில் என்ன எழுதுவது என்று அம்மா ஜெயஷீலா கேட்டபோது பெவின் அம்மாவிடம் தனியாக ஒரு வேத வசனம் சொன்னான். ஜெப்ஸி தனியாக ஒன்று சொன்னாள். அம்மா நாசரேத் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். சத்தம் போட மாட்டாள். "ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து ஒண்ணு சொல்லுங்க. இல்லன்னா கல்லு வேண்டாம். மண்ணாவே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அவன் கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்ற ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்ததும் அம்மா டேப்பை மேசைமேல் வைத்து அழைத்தாள். ஜெப்ஸியைப் பிடித்து, மேசையை விட்டுச் சற்றுத் தள்ளித் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெவின் மெலிந்திருந்தான். அக்காவைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்தான்.

"வசனத்த அவளே எழுதட்டும். பக்கத்துல இருந்தவ அவதான" என்றான்.

"அவகிட்டச் சொல்லு, எங்கிட்டச் சொல்லாத" என்றாள் அம்மா.

"சொல்ல என்ன இருக்கு? அவ கையப் பாத்தேன், போதும்."

ஜெப்ஸி மடியில் கோத்திருந்த விரல்களை இறுக்கிக்கொண்டாள். "ஏலே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்படியே உறைந்தான். வட்டம் சுற்றியது.

ஜெப்ஸி அலமாரி மேலிருந்த ரவுட்டரைப் பார்த்தாள். அதிலிருந்த இரண்டு வைஃபை விளக்குகளில், டேப்புக்கான விளக்கு மட்டும் அணைந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் போன் அடித்தது. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா." பெவினின் குரல் வேறு மாதிரி இருந்தது. "உன் ரெண்டு கையும் மடியில இருந்துச்சு. இந்தா, படம் இன்னும் நிக்கி. ரெண்டு கையும் தெரியுது."

அவள் போனின் பக்கம் குனிந்தாள்.

"அங்கன காத்து இருக்கா?" என்று கேட்டான்.

பால்கனிக் கதவு திறந்துதான் கிடந்தது. கொடியில் போட்டிருந்த துணி அசையவில்லை. "இல்லலே. கடல் எண்ணெ ஊத்துன மாரி கெடக்கு."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. காற்றில்லாத வெக்கை நாளில் கடலுக்கு மேலே ரேடார் அலை நேரே போகாமல் தண்ணீரை ஒட்டி வளைந்து வளைந்து வெகுதூரம் போகும். அப்படிப்பட்ட நாளில் கோபுரத்துத் திரையில் இலங்கைக் கரை எழும்பி நிற்கும். அப்பா வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு அக்கரை தெரிஞ்சுது" என்பார். கப்பலில் ஏறிய பிறகு பெவினும் அதைப் பார்த்திருக்கிறான்.

"செல்வதுரை மாமா அன்னைக்கு அதத்தாம் சொன்னாவ" என்றாள் ஜெப்ஸி. "பெட்டி பக்கத்துல நின்னு. எனக்கு ஒறைக்கல."

"நம்மளுக்கு அக்கரை தெரிஞ்சா, அக்கரையில உள்ளதும் நம்மகிட்ட வந்து விழும்லா? எங்கயோ கெடக்க ரேடாரு இங்கன கேட்டிருக்கு. ரவுட்டர் வாய மூடிட்டு" என்றான் பெவின்.

"ஒங்க அப்பாவுக்கு இது தெரியாததா?" என்றாள் அம்மா.

"தெரியும்மா. கோபுரத்துல இருந்தா ஒடனே சொல்லியிருப்பாவ. வீட்டுல அந்த நெனப்பு வரல. கப்பல் ரேடார் இல்லன்னதும் வேற ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாவ."

ஜெப்ஸி எழுந்து ரவுட்டர் இருந்த அலமாரிப் பக்கம் போனாள். "சேனல மாத்திரட்டாம்மா? கூட்டத்துக்குள்ளதாம் போகணும். இழுக்கும். ஆனா அறுந்து போகாது."

அப்பா கைபட்டது எதையும் அம்மா இடம் மாற்ற விடுவதில்லை. மூக்குக்கண்ணாடிகூட அவர் கழற்றி வைத்த இடத்திலேயே இருந்தது. ரவுட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்துளா" என்றாள். "பிள்ளைக்கு முகம் காட்டாத எடம் நமக்கு எதுக்கு?"

ஜெப்ஸி தன் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து நூறை எடுத்துவிட்டு நாற்பத்துநாலு போட்டாள். விளக்கு எரிந்தது. டேப்பில் பெவின் வந்தான். படம் கட்டம் கட்டமாக உடைந்து, மெல்லச் சேர்ந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வசனம் அப்புறம் பாப்பம்" என்றான். "நான் விட்டத மொதல்ல சொல்லு. துணிய எப்படிப் போட்ட?"

ஜெப்ஸி திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவன் பார்க்கும்படி மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

"ஒன் பேரச் சொல்லிட்டுத்தாம் போட்டேன்" என்று தொடங்கினாள். "மொதல்ல நெத்திப் பக்கம்."