பார்த்தால் அறுந்துபோகும்

ஒரே ஆள் இரண்டு பேராக வாழ்ந்தால் எவ்வளவு களைப்பு வரும் என்று அறிய விரும்புகிறவர்கள் குருநகர் எமில்ராஜைக் கேட்கலாம். அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். வயது நாற்பதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. வீட்டில் அவன், மனைவி நிரோஜினி, தாய் லூர்த்தம்மா என்று மூன்று பேர். ஆனால் லூர்த்தம்மாவைக் கேட்டால் நான்கு பேர் என்பாள்.

நாலாவது ஆள் எட்வின்ராஜ். எமிலோடு ஒரே வயிற்றில் இரட்டையாகக் கிடந்து, அவனுக்குப் பின்னால் பிறந்த தம்பி. வேலை தேடி வன்னிக்குப் போன இடத்தில், சண்டை மூண்டு பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடைசிச் சண்டை நேரம் மாத்தளன் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. லூர்த்தம்மா ஏறாத அலுவலகம் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. எல்லோரும் கையை விரித்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மூத்தவனின் உடம்புதான். எமில் நன்றாக இருந்தால் எட்வினும் எங்கேயோ நன்றாக இருக்கிறான். எமிலுக்குக் காய்ச்சல் என்றால், "அவனுக்கும் காயுதோ தெரியேல்லை" என்று அவள் முகம் இருண்டுவிடும்.

நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு சட்டை எடுப்பாள். இரண்டையும் எமில்தான் போடவேண்டும், நடுச்சாமப் பூசைக்கு ஒன்று, விடியற் பூசைக்கு மற்றது. கடல் பக்கம் போகவே கூடாது என்று மறித்தபடியால்தான் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை கரையில் குந்தியிருந்து எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவன் ஆனான். சாப்பாட்டுக் கோப்பையில் கடைசியாக விழும் ஓரகப்பைச் சோறு எப்போதும் எட்வினுடையது. தம்பிக்காகத் தின்று தின்று அவனுக்கு வயிறு தள்ளி வண்டியும் வைத்துவிட்டது.

தம்பி மேல் அவனுக்குக் கோபமில்லை. அவனுக்காக ஒருநாள் வாய்விட்டு அழவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் செத்துப்போனான் என்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளாதபோது எப்படி அழுவது? நவம்பர் பிறந்தால் மரித்தோர் பூசை வரும். இறந்தவர்களின் பெயர்களைக் கோயில் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். எட்வினின் பெயரையும் கொடுப்போமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். லூர்த்தம்மா சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். "நீ உயிரோடை நிண்டுகொண்டு அவனைச் சாகடிக்கிறியோ?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

போதாக்குறைக்கு இந்த வருடம் விஞ்ஞானமும் வந்து சேர்ந்தது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்காகப் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சு. பேசியவர் மானிப்பாயிலிருந்து வந்த றெபேக்கா ரீச்சர், பௌதிகம் படிப்பித்து இளைப்பாறியவர். லூர்த்தம்மா மின்விசிறிக் காற்றுக்காகப் பின்வரிசையில் போய் இருந்திருக்கிறாள்.

"இரட்டைப் பிள்ளையள் மாதிரி ஒண்டாப் பிறந்த ரெண்டு சின்னஞ்சிறு துணிக்கையள் எண்டு வையுங்கோ," என்றாராம் ரீச்சர். "ஒண்டு இஞ்சை நிக்குது, மற்றது கனடாவிலை. இஞ்சை உள்ளதைப் பாத்தால், அங்கை உள்ளதின்ரை நிலை என்னெண்டு அந்தக் கணமே தெரிஞ்சுபோம். இதைத்தான் குவாண்டம் பின்னல் எண்டுறது."

பிள்ளைகளில் பாதிப்பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டவள் லூர்த்தம்மா மட்டும்தான்.

அன்றிலிருந்து எமில்ராஜின் பாடு பெரும்பாடாகிவிட்டது. விடிய எழும்பினால் தாய் முகத்துக்கு நேரே நிற்பாள். கண்மடலை இழுத்துப் பார்ப்பாள், நாக்கை நீட்டச் சொல்லுவாள். "என்னை விசரியெண்டனீங்கள். படிச்ச மனிசி மேடையிலை நிண்டு சொல்லுது," என்பாள். வேலை செய்யும் இடத்துக்கும் வந்து, கழற்றிப் போட்ட எஞ்சின்களுக்கு நடுவே நின்று மகனை உற்றுப் பார்ப்பாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, சினமும் வரவில்லை. அலுத்துப்போனது.

சொன்ன வாயே இல்லையென்று சொல்லட்டும் என்று ஒரு சனிக்கிழமை தாயை மானிப்பாய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனான்.

றெபேக்கா ரீச்சர் ரியூசன் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கினார்.

"அம்மா, அது ஆக்களுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத துணிக்கையளுக்கு. பிள்ளையளுக்கு விளங்கட்டுமெண்டு நான் அப்பிடிச் சொன்னனான்."

"நாங்களும் உந்தத் துணிக்கையளாலைதான் ஆனது எண்டு அண்டைக்கு நீங்கள்தானே சொன்னீங்கள் ரீச்சர்?"

ரீச்சர் எமில்ராஜைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"அதை விடுங்கோ," என்றாள் லூர்த்தம்மா. "ஒரு இடத்திலை உள்ளதை இன்னொரு இடத்திலை தோன்றப் பண்ணலாமாமே. ரெலிபோட்டேசன் எண்டு சொன்னீங்கள்."

"சாமான் வாறேல்லை அம்மா. அதின்ரை நிலைதான் வரும். அதுவும் அந்தப் பக்கத்திலையிருந்து இந்தப் பக்கத்துக்குச் சாதாரணமா ஒரு சேதி வந்தால்தான். போன் மாதிரி. சேதி வராட்டி ஒண்டும் நடக்காது."

லூர்த்தம்மா மடியில் இருந்த போனைத் தடவினாள். அந்தச் சேதிக்காகத்தானே இத்தனை வருடமும் நம்பரை மாற்றாமல் வைத்திருக்கிறாள். பிறகு, அன்றைய பேச்சில் ரீச்சர் சொன்ன, கோடானுகோடிக் கணக்கை நொடியில் செய்யப்போகும் புதுக் கணினி வந்தால் அதில் போட்டுத் தேடலாம்தானே என்று கேட்டாள்.

"அது ஆளைத் தேடுற மிசினில்லை. மருந்து கண்டுபிடிக்க, ரகசியக் குறியீட்டை உடைக்க எண்டு சில கணக்குகளுக்குத்தான் உதவுமாம். அதுவும் இன்னும் சரிவரேல்லை. வருது, வருது எண்டு கன காலமாச் சொல்லுகினம்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் ரீச்சர் சொன்னவை. விசாரிக்கிறம், முடிவு வருது எண்டு."

ரீச்சர் விடைத்தாள்களை ஒருபக்கம் தள்ளிவைத்தார். தன்னால் வந்த வினையைத் தானே முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தெரிந்த உண்மையை ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னொண்டு கேளுங்கோ அம்மா. அந்தப் பின்னல் பாக்குமட்டும்தான் இருக்கும். ஒண்டை ஒருக்கால் பாத்தால் அதோடை அறுந்துபோம். பிறகு இது வேறை, அது வேறை."

அப்பாடா, முடிந்தது என்று எமில்ராஜ் நினைத்தான். லூர்த்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழும்பினாள். திரும்பி வரும்போது பஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தாள். வீட்டுக்கு வந்தும் மகன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கோப்பையை மேசையில் தள்ளினாள். அவன் குசினிக்குள் வந்தால் அவள் பின்வாசலால் வெளியே போனாள்.

"என்னம்மா, கோவமோ?" என்று கேட்டான்.

"கோவமில்லை ராசா," என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பாத்தால் அறுந்துபோமாம். இவ்வளவு நாளும் தெரியாமல் பாத்துப்போட்டன். கொஞ்சமெண்டாலும் மிச்சமிருக்கும். இனிப் பாக்கமாட்டன்."

எமில்ராஜ் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். ரீச்சருக்குப் போன் எடுத்து இதற்கொரு வழி கேட்போமா என்று யோசித்தான். அவர் இன்னோர் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன செய்வது என்று விட்டுவிட்டான்.

"நெடுகப் பாக்கிறா எண்டு புறுபுறுத்தனீங்கள்தானே. இப்ப நிம்மதியோ?" என்று நிரோஜினி கேட்டாள். முதல் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற தாய் ஒரே வீட்டுக்குள் முகம் பாராமல் நடமாடுவதைச் சொல்லிக் காட்ட முடியாது. எட்வினாகவாவது தன்னை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று எமில்ராஜ் ஏங்கத் தொடங்கினான். அப்படி ஏங்குவது வெட்கமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வலதுகையில் எஞ்சின் புகைக்குழாய் சுட்டு, தோல் உரிந்துபோய் ஒரு பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்தான். நிரோஜினி கடைக்குப் போயிருந்தாள். அவன் முனகிய சத்தத்துக்கு லூர்த்தம்மா ஓடிவந்து, வாசலிலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தடவித் தடவி வந்து அவன் கையைப் பிடித்தாள். கற்றாழை மடலை முறித்து, மூடிய கண்ணோடு சளியை வழித்துப் பூசினாள். பாதி காயத்தில் பட்டது, பாதி முழங்கையில் வழிந்தது.

"அவனுக்கும் எரியுதோ தெரியேல்லை," என்றாள்.

எமில்ராஜுக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது.

"எனக்கு எரியுதம்மா," என்றான். "எனக்கு. எட்வினுக்கு இல்லை, எனக்கு. ஒருக்கால் என்னைப் பாருங்கோவன்."

அவள் தலையை ஆட்டினாள். அவன் அழுகை நிற்கவில்லை. சின்ன வயதுக்குப் பிறகு அவன் அழுது அவள் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தைத் தாங்கமாட்டாமல் கண்ணைத் திறந்தாள்.

முதலில் காயத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். நாடியில் நரை, கண்ணுக்குக் கீழே தொங்கிப்போன தோல், முன்பக்கம் ஏறிவிட்ட நெற்றி. ஏதோ சனக்கூட்டத்துக்குள் ஆளைத் தேடுகிறவள் போல அந்த முகம் முழுக்கத் தேடினாள். அவன் அசையாமல் இருந்து கொடுத்தான். கற்றாழைச் சளி வழிந்த கையோடு அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"எமில்," என்றாள். "நீ மட்டும்தானடா தெரியிறாய்."

"ஓம், அம்மா," என்றான்.