தாய்மாமன் கார்டு

என் மகன் பெர்லினிடம் ஐந்து கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. பர்ஸைத் திறந்து அவற்றை விரித்துக் காட்டும்போது ரம்மி ஆடுகிறவன் மாதிரியே இருப்பான். ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று மளிகைக்கு, ஒன்று ஏர்போர்ட்டில் ஓசிச் சாப்பாட்டுக்கு. போன வருஷம் பெங்களூர் ஏர்போர்ட் லவுஞ்சில் இரண்டே ரூபாய்க்குச் சாப்பிட்டேன் என்று ஒரு தட்டைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். பிரியாணிக்கு மேல் பாஸ்தா, பாஸ்தாவுக்கு மேல் குலாப் ஜாமூன். பசித்தவன் அப்படிக் குவிக்க மாட்டான். பார்த்ததுமே எனக்குக் குமட்டியது. அப்படிப்பட்டவனிடம் போய்த்தான் வெளிநாட்டுக்கு எந்த கார்டு நல்லது என்று யோசனை கேட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மகள் ஆக்ஸிலியா அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் நர்ஸ். அவளுக்குத் தலைப்பிரசவம். பிரசவத்துக்கு அவள் கொடைக்கானலுக்கு வர முடியாது, அதனால் தாய்வீடு அங்கே போக வேண்டும். தாய்வீடு என்றால் நான் ஒருத்திதான். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியும், சாயந்திரம் வீட்டில் டியூஷன் எடுத்தும்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பூமிக்கு வரும்முன் அதற்காக ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்டோம். பிறந்தவுடன் பழந்துணியில்தான் சுற்றுவோம். புதுத்துணி, கட்டில், தொட்டில் எல்லாம் பிறகுதான், அதுவும் தாய்வீட்டுச் செலவு. இங்கேயே வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பிள்ளை பிறந்தபின் அந்த ஊர்க் கடையில், அந்த ஊர்க் காசில்தான் வாங்க வேண்டும். மருமகன் ஆக்னல் தங்கமானவன். நான் வாய் திறக்கும்முன் பணத்தைக் கட்டிவிடுவான். அதுதான் கூடாது. என் பேரப்பிள்ளை போடும் முதல் புதுச்சட்டை நான் வாங்கியதாக இருக்க வேண்டும், என் கையால் நான் கட்டிய காசாக இருக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் கிடையாது.

பெர்லின் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸை லீசுக்கு எடுத்து நடத்துகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே பாடம் எடுத்தான்.

"அம்மா, உன் டெபிட் கார்டை அங்க கொண்டுபோய்த் தேச்சன்னு வையி, நூறுக்கு நாலு ரூவா புடிச்சுருவான். மார்க்அப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஏடிஎம்ல எடுத்தா அது தனிக்கொள்ளை. என்கிட்ட ஒரு கார்டு கெடக்கு. அதுல மார்க்அப்பே கெடையாது."

"அதே மாதிரி எனக்கு ஒண்ணு வாங்கித் தாயேன்."

"உனக்குச் சம்பளம் இல்ல, பென்சன் இல்ல. எவன் குடுப்பான்? என் கார்டுக்கு ஆட்-ஆன் போட்டுத் தாரேன். உன் பேரே அச்சடிச்சு வரும். நீ தேயி, பில்லு எனக்கு வரும். பணத்தை மட்டும் முன்கூட்டியே என் கணக்குல போட்டுரு. சோலி முடிஞ்சுச்சு."

இன்னொன்றும் சொன்னான். அங்கே கடையில் மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்கும், ரூபாய் என்று பார்த்துப் பல்லிளித்து அமுக்கிவிடாதே, அதில் ரேட்டைக் கூட்டிவிடுவான், யூரோவையே அமுக்கு என்றான். நல்ல விஷயம்தான். மகன் இவ்வளவு விவரமாக இருக்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் பூரிப்புகூட. டியூஷனில் சேர்த்த ஒன்றரை லட்சத்தை அவன் கணக்கில் போட்டேன். கார்டும் வந்தது. கறுப்பு நிறத்தில், என் பெயர் பளபளவென்று. அறுபத்தொரு வயதில் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் ஒரு தடவை தேய்த்துப் பழகிக்கொள்வோம் என்று ஏழுரோடு பக்கம் பெண்களுக்கான உள்ளாடைக் கடை ஒன்றுக்குப் போனேன். குளிர் ஊருக்குப் போகிறோமே என்று கம்பளி பனியனும் மற்றதும் எடுத்தேன். கார்டு வேலை செய்தது. பையை வாங்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் போன் அடித்தது.

"அம்மா, அந்த லேடீஸ் இன்னர்ஸ் கடையில நீயா இருக்க? நான் யாரோ கார்டைத் தூக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நாந்தான்டா."

"அவ்வளவு ரூவாய்க்கு அங்க என்னம்மா வாங்குன?"

நடுரோட்டில் நின்றேன். பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் சோளம் கடித்துக்கொண்டிருந்தார்கள். பெற்ற மகனுக்கு என் உள்பாடிக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமாம். உடம்பெல்லாம் கூசியது.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லா மெசேஜும் எனக்குத்தான வரும்? மெயின் கார்டு என்னதுல்ல. அங்க போனாலும் எது வாங்குறதா இருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கும்மா. லிமிட் பாக்கணும்ல."

அன்றைக்கே அந்தக் கார்டை இரண்டாக ஒடித்திருக்க வேண்டும். நூறுக்கு நாலு ரூபாய் மிச்சமாகிறதே என்ற அற்பத்தனத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

டிக்கெட் எல்லாம் போட்டாகிவிட்டது. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெருமாள்மலையிலிருந்து சம்பந்தியம்மா போன் பண்ணினார். ஆக்னலின் அம்மா. சாதாரணமாக என்னோடு அளந்து பேசுகிற மனுஷி. அன்று குரலில் தேன் ஒழுகியது.

"சம்பந்தி, நேத்து பெர்லின் தம்பி இந்தப் பக்கம் வந்தவரு வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டுப் போனாருங்க. எம்புட்டுப் பெரிய மனசு அவருக்கு! புள்ளைக்குத் தள்ளுவண்டி, கட்டிலு, ஞானஸ்நான உடுப்பு எல்லாம் தாய்மாமன் சீருன்னு சொல்லிட்டாரு. எதையும் பாக்காம என் கார்டுலயே எடுத்துக்கச் சொல்லி அம்மாகிட்ட கார்டைக் குடுத்து அனுப்புறேன்னாருங்க. இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்றாங்க? நான் அன்பியத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அன்பியம் என்றால் அந்தத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாராவாரம் கூடும் ஜெபக் கூட்டம். அங்கே ஒரு செய்தி போனால் மலை அடிவாரம் வரைக்கும் போய்விடும். நான் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். என் பணம். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய்ச் சேர்த்த பணம். நான் அதைத் தூக்கிக்கொண்டு போகும் கூலியாள், சீர் செய்கிறவர் இவர்.

ஆட்டோ பிடித்து வட்டக்கானலுக்குப் போனேன். பெர்லின் பால்கனியில் டீ குடித்துக்கொண்டு போனில் கார்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் அதில் கத்திக்கொண்டிருந்தான், பாயிண்ட், பாயிண்ட் என்று.

"ஏலே, சீரு யாரு செய்றா? நீயா, நானா?"

அவன் ஒன்றும் திடுக்கிடவில்லை. அதுதான் என்னை எரித்தது.

"பேரு யாருக்குப் போனா என்னம்மா? எல்லாம் ஒரே குடும்பந்தான?"

"ஒரே குடும்பம்னா என் பேரச் சொல்ல வேண்டியதுதான?"

"தாய்மாமன் ஒண்ணும் செய்யலன்னா எனக்குக் கேவலம் இல்லையா? இந்த வருஷம் சீசன் படுத்துருச்சு. என்ன பண்ணச் சொல்ற?"

"இல்லன்னு சொல்லு. கையில இல்லாதது கேவலமில்லடா. அம்மா காசை உன் காசுன்னு சொல்லிட்டு அடுத்தவங்க வீட்டுல காப்பி வாங்கிக் குடிக்கிற பாரு, அதுதான்டா கேவலம்."

அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வெரசா போடு, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் தலையைச் சொறிந்தான்.

"அது பழைய பில்லுக்குப் போயிருச்சும்மா. வட்டி ஏறிட்டே கெடந்துச்சு. நீ அங்க போயித் தேயி, அடுத்த மாசம் எப்படியாவது கட்டிருவேன். உனக்கும் மார்க்அப் மிச்சம். நீ தேய்க்கிற பாயிண்ட்ல எனக்குத் தாய்லாந்து டிக்கெட்டே வந்துரும்."

இதைச் சொல்லும்போது சிரித்தான். பொய்யில்லை, சிரித்தான். தங்கச்சி பிரசவச் செலவில் தாய்லாந்து. வெளிநாட்டுக்காரப் பெண் ஒருத்தி படியில் நின்றிருந்தாள், இல்லாவிட்டால் காறித் துப்பியிருப்பேன். பையிலிருந்து கறுப்புக் கார்டை எடுத்து அவன் டீ டம்ளருக்குள் போட்டேன். அவன் பதறிப்போய் இரண்டு விரலை விட்டு அதை எடுத்தான். சட்டையில் துடைத்து, ஊதி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அம்மா முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் வந்த ஆட்டோவிலேயே ஏறிவிட்டேன்.

மிச்சம் இருந்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்த கிராஜுவிட்டி. ஒழுகுகிற கூரையை மாற்ற வைத்திருந்த டெபாசிட். பேங்கில் ரம்யா என்ற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் இல்லாவிட்டாலும் டெபாசிட்டை ஈடாக வைத்து கார்டு தரலாம் என்றாள். ஆனால் நல்ல பெண், மறைக்கவில்லை.

"மேடம், இதுல ஃபாரின்ல யூஸ் பண்ணுனா நூறுக்கு நாலு ரூவாய்க்கு மேல போயிரும். உங்களுக்கு இது லாஸ். வீட்டுல யாராவது மார்க்அப் இல்லாத கார்டு வச்சிருந்தா ஆட்-ஆன் போட்டுக்கலாமே?"

"மெசேஜ் யாரு போனுக்கும்மா வரும்?"

"உங்க போனுக்குத்தான் மேடம்."

"அப்ப இதையே போடு."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புரிய வைக்கிற பொறுமையும் எனக்கு இல்லை. விமானம் ஏறும்முன் ஆக்ஸிலியாவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவன் கெடக்கான்மா, நீ வந்து சேரு" என்றாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. என் பழைய காட்டன் சேலையைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன், அதில் சுற்றி வாங்கினேன். ஆக்னலோடு கடைக்குப் போனேன். தள்ளுவண்டி, கட்டில், கழுத்தில் வெள்ளை ரேந்தைப் பின்னல் வைத்த ஞானஸ்நான உடுப்பு. ஆக்னல் "அத்தை, நான் குடுக்குறேன்" என்று தன் கார்டை நீட்டினான். நான் அவன் கையைத் தள்ளிவிட்டு என்னுடையதை வைத்தேன். யூரோவை அமுக்கினேன். நூறுக்கு நாலு ரூபாய் போனது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது. ஆனால் அருவருப்பு இல்லை. வண்டியை நானே தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா வீடியோ காலில் வந்தார். ஆக்ஸிலியா பிள்ளைக்கு அந்த உடுப்பைப் போட்டு மடியில் வைத்திருந்தாள். நான் அடுப்பில் பூண்டுக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தி, எம்புட்டு அழகு! தாய்மாமன் எடுத்துக் குடுத்ததா?"

ஆக்ஸிலியா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ஆமாங்கத்தே. அண்ணன் சீருதான். வண்டியும் கட்டிலும்கூட அவன்தான்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. முதலில் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். அவள் போனைத் தலையணைமேல் கவிழ்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

"அம்மா, இத இப்படியே விட்டுரு. அண்ணன் செஞ்சான்னு இருந்தாத்தான் அவங்ககிட்ட எனக்கு மரியாதை. அம்மா செஞ்சதுன்னா, அண்ணன் கைவிட்டுட்டான்னுதான் பேசுவாங்க. நீ செஞ்சது நமக்குள்ள தெரிஞ்சாப் போதாதா?"

பெர்லினிடம் வராத அழுகை இவளிடம் வரப் பார்த்தது. அவன் பணத்தைத்தான் எடுத்தான். இவள் என் கண்ணெதிரே என்னையே எடுத்து ஓரமாக வைக்கிறாள், அதுவும் நான் வாங்கிய வெள்ளை உடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு. பெற்ற இரண்டும் இப்படியா? பிள்ளை பெற்ற உடம்பு, எதிர்த்துப் பேசக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் போனை எடுத்தேன்.

"சம்பந்தி, பெர்லின் ஒண்ணும் வாங்கலைங்க. உடுப்பு, வண்டி, கட்டில் எல்லாம் நான் வாங்குனது. என் டெபாசிட்டை வச்சு நான் வாங்குனது. தாய்மாமன் சீரு இன்னும் வரலைங்க. வந்தா நானே உங்களுக்குச் சொல்றேன்."

"அதனால என்னங்க" என்று சொல்லி சம்பந்தியம்மா வைத்துவிட்டார். அன்பியத்தில் என்ன சொல்லப் போகிறாரோ, சொல்லட்டும்.

ஆக்ஸிலியா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. குளிப்பாட்டும் நேரம் வந்ததும் பிள்ளையின் வெள்ளை உடுப்பைக் கழற்றி ஒரு பக்கம் போட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.